எட்டரை மணிக்கு மேல் ரூபி

பக்கத்து வீட்டு நாய் குரைப்பது, அதை வளர்ப்பவர்களுக்குத்தான் தெரியாது. தெரிய வழியும் இல்லை. காலை எட்டரைக்குக் கணவன் மனைவி இருவரும் வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். ரூபி தொடங்குவது அதற்குப் பிறகு. சாயங்காலம் அவர்கள் வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்டதும் நிறுத்திவிடும். "எங்க ரூபியா? வாயே திறக்காதே அங்கிள்" என்று அந்தத் தம்பி சொன்னது பொய்யில்லை. அவர் பார்த்த ரூபி அப்படித்தான்.

ரூபி பீகிள் இனம். தொங்கும் காது, பரிதாபமான கண். இங்கிலாந்தில் முயல் வேட்டைக்காக வளர்த்தெடுத்த நாய் அது. புதருக்குள் முயலைத் துரத்தும் நாய் எந்தப் பக்கம் போகிறது என்று பின்னால் வருகிறவர்களுக்குக் கேட்க வேண்டும். அதனால் நீட்டி முழக்கும் குரலுள்ளவற்றையே பார்த்துப் பெருக்கினார்கள். அந்தத் தொண்டையைக் கொண்டுவந்து மடிப்பாக்கத்தில், சுவரோடு சுவர் ஒட்டிய தெருவில், கார் ஷெட் கம்பியில் கட்டிப்போட்டால் வேறென்ன ஆகும்? முகத்தைப் பார்த்து நாய் வாங்குகிறோம். அது என்ன வேலைக்குப் பிறந்தது என்று யாரும் விசாரிப்பதில்லை. (ஹஸ்கியை வாங்கிச் சித்திரை வெயிலில் வைத்திருப்பவர்களைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.)

தெருவில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். "சங்கத்துல சொல்லி, நாயே கூடாதுன்னு போட்டுடலாம்" என்றார் எதிர்வீட்டுக்காரர். போட முடியாது. குடியிருப்போர் பெரும்பான்மையாகக் கூடி முடிவெடுத்தாலும் வளர்ப்பு நாய்க்குத் தடை போட இயலாது, குரைப்பதை அதற்குக் காரணமாகக் காட்டவும் கூடாது என்கின்றன இந்திய விலங்குகள் நல வாரியத்தின் 2015 வழிகாட்டுதல்கள். ஒலி மாசு விதிகள், 2000 குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு பத்து முதல் காலை ஆறு வரை 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. சரிதான். பகல் பதினோரு மணிக்கு ஒரு நாய்க்காக மானியைத் தூக்கிக்கொண்டு யார் வருவார்?

எனக்குக் கைகொடுத்தது வேறொரு சட்டம். எப்போதும் கட்டியோ அடைத்தோ வைத்திருக்கும் நாயைப் போதிய அளவு நடக்க, ஓட விடாமல் இருப்பதும் வதைதான் என்கிறது, 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு. அதைக் காட்டி நான் யாரையும் மிரட்டவில்லை. ஆனால் படித்ததும் என்ன பேச வேண்டும் என்பது பிடிபட்டது. என் மத்தியானத் தூக்கத்தை விட்டுவிட்டு ரூபியின் பகலைப் பற்றிப் பேசினேன்.

பேசும் முன் போனில் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். தண்ணீர் கேன் போடுகிறவர் வரும்போது குரைப்பது ஒரு தினுசு. தெருவில் யாருமே இல்லாத நேரத்தில் வருவது ஊளை. அதைக் கேட்டுவிட்டு அந்தப் பெண்ணே போன் செய்தாள். "தினமும் இப்படியா அங்கிள் அழுவுது?" சத்தம் என்று அவள் சொல்லவில்லை. அதற்குப் பிறகு எனக்குப் பேச அதிகம் இருக்கவில்லை.

இப்போது ஆபீஸ் போகுமுன் தம்பி அதை நன்றாக நடத்திக் கூட்டிப் போகிறார். போகிற வருகிற காலெல்லாம் தெரியாதபடி கேட்டில் பச்சை வலை கட்டியாயிற்று. மோப்பத்தில் பிழைக்கும் இனமாயிற்றே என்று, பழைய துணிகளுக்குள் தீனியை ஒளித்துவைத்துவிட்டுப் போகிறார்கள். அரை மணி நேரம் அதிலேயே மூழ்கிவிடுகிறது. வேலைக்கார அக்கா மத்தியானம் வந்து கொல்லையில் அவிழ்த்துவிடுகிறாள். கூரியர்காரரைக் கண்டால் இன்னமும் குரைக்கிறது, அது அதன் உரிமை. ஊளை மட்டும் அநேகமாக நின்றுவிட்டது.

பக்கத்து வீட்டு நாயால் தூக்கம் கெட்டவர்கள் முதலில் அந்தச் சத்தத்தை நேரத்தோடு பதிவு செய்யுங்கள். சங்கத்தின் குழுவில் போடாதீர்கள், வளர்ப்பவருக்கு மட்டும் அனுப்புங்கள்.