தினுஹோஸ்

திருவொற்றியூரில் எங்கள் தெருவின் இரவுக் காவலர் நேபாளத்தவர். சாளக்கிராமத் திருத்தலமாம் முக்திநாத்துக்கு யாத்திரை புறப்பட்ட எனக்கு, அவர் தம் மொழியில் தண்ணீர் கேட்கக் கற்பித்தார்: "மலாஈ பானி தினுஹோஸ்."

சிறியோரிடம் 'தே', தோழரிடம் 'தேஊ', மதிப்பிற்குரியோரிடம் 'தினுஹோஸ்'. 'தயவுசெய்து' எனத் தனியே சொல்ல வேண்டுவதில்லை; நம் 'தாருங்கள்' போல வினையின் ஈற்றிலேயே பணிவு அமைந்துவிடுகிறது. தொல்காப்பியரும் ஈ, தா, கொடு என மூன்று வகுத்தார். அங்கே கேட்பவரின் நிலை நோக்கி, இங்கே கேட்கப்படுபவரின் நிலை நோக்கி.

"அறிமுகமில்லாதவரிடம் எதைச் சொல்வது?" என்றேன்.

"எவராயினும் தினுஹோஸ்தான், அம்மா" என்றார்.

நம் உறக்கத்தைக் காக்கும் அவரைச் சிறுவர்களும் "ஏய் கூர்க்கா" என்றழைப்பது தகுமோ? வடிவுடையம்மன் முன் இரந்து நிற்கும் நாம், பேரப்பிள்ளைகளுக்கு "அண்ணா, வாருங்கள்" என்று சொல்லக் கற்பிப்போம்.