புது டாக்டரும் பழைய டீச்சரும்



போன வாரம் என் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். இந்த ஜூனில்தான் ஒரு பள்ளியில் இயற்பியல் ஆசிரியையாகச் சேர்ந்திருக்கிறாள். "டீச்சர், எதைச் சொல்லிக் கொடுத்தாலும் 'பழைய மிஸ் இப்படிச் சொல்ல மாட்டாங்க'ங்கறாங்க. கிளாசுக்குப் போகவே பயமா இருக்கு" என்று அழுதாள். ஆறுதல் சொன்னேன். ஆனால் சொல்ல வேண்டிய ஒன்றைச் சொல்லவில்லை. அதை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2018 மே மாதம் நான் ஓய்வு பெற்றேன். செப்டம்பரில் மகளைப் பார்க்க இங்கிலாந்துக்குப் பக்கத்தில் வேல்ஸில் இருக்கும் கார்டிஃப் போனேன். எட்டு வயதுப் பேரனுக்கு 'டாக்டர் ஹூ' தொடர் என்றால் உயிர். 2005-லிருந்து அந்தத் தொடரை எடுப்பதே கார்டிஃபில்தான் என்பதில் அவனுக்குத் தனிப் பெருமை.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். பி.பி.சி. 1963 நவம்பர் 23-ல் தொடங்கிய அறிவியல் புனைகதைத் தொடர் இது. டாக்டர் என்பவர் வேற்றுக்கிரகவாசி. பழைய போலீஸ் தொலைபேசிப் பெட்டி போலிருக்கும் ஓர் இயந்திரத்தில் காலத்திலும் விண்வெளியிலும் சுற்றுவார். பெட்டி வெளியே சின்னது, உள்ளே பெரியது. முதல் கதையை இயக்கிய வாரிஸ் ஹுசைன் லக்னோவில் பிறந்தவர்.

மூன்று வருடத்தில் முதல் டாக்டராக நடித்த வில்லியம் ஹார்ட்னெலுக்கு உடம்பு சரியில்லாமல் போயிற்று. தொடரை நிறுத்தவும் மனமில்லை. எனவே டாக்டர் சாகும் நிலைக்கு வந்தால் உடம்பு மாறி வேறு முகத்தோடு எழுந்துவிடுவார் என்று ஒரு வழி கண்டுபிடித்தார்கள். 1966 அக்டோபரில் பேட்ரிக் ட்ரௌட்டன் வந்தார். அந்த ஒரு யோசனையில்தான் தொடர் இத்தனை காலம் ஓடுகிறது. 1989-ல் நின்றது, 1996-ல் ஒரே ஒரு தொலைக்காட்சிப் படம் வந்தது, 2005-ல் கிறிஸ்டோபர் எக்கிள்ஸ்டனோடு மறுபடி எழுந்தது. ஹார்ட்னெல் விலகியபோது அவருக்கு வயது 58. நான் ஓய்வு பெற்ற வயதும் அதுவே.

2018 அக்டோபர் 7, ஞாயிற்றுக்கிழமை. அன்றுதான் ஜோடி விட்டேக்கர் நடித்த முதல் கதை. பதின்மூன்றாவது டாக்டர், முதல் பெண் டாக்டர். எனக்கு உற்சாகம். பேரனோ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சோபா மூலையில் தலையணையைக் கட்டிப் பிடித்திருந்தான். "அம்மாச்சி, இது என்னோட டாக்டர் இல்ல." அவனுடைய டாக்டர் வெள்ளைமுடிக்காரர் பீட்டர் கபால்டி.

புது டாக்டர் ரயில் கூரையைப் பொத்துக்கொண்டு வந்து விழுந்தார். தன் பெயரே ஞாபகமில்லை. பெட்டியும் இல்லை, கருவியும் இல்லை. ஷெஃபீல்டில் ஒரு பட்டறைக்குள் புகுந்து, அந்த ஊர் எஃகுக் கரண்டிகளை உருக்கித் தன் கருவியைத் தானே செய்தார். அந்த இடத்தில் பையன் கையிலிருந்த தலையணை மெல்லக் கீழே இறங்கியது. முடியும்போது சொன்னான்: "அதே ஆள்தான் அம்மாச்சி. பழசெல்லாம் அவங்களுக்கு ஞாபகம் இருக்குல்ல."

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம் இதுதான்.

நான் போனபின் என் இடத்துக்கு ஒரு இளைஞர் வந்தார். ஆகஸ்டில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் சிலர் எனக்குப் போன் செய்தீர்கள். "டீச்சர், சாருக்கு ஸ்பெக்ட்ரோமீட்டரே செட் பண்ணத் தெரியல, நீங்க மாதிரி வராது." நான் வாயால் "அப்படிச் சொல்லக் கூடாதும்மா" என்றேன். மனசுக்குள் இனித்தது. வெட்கத்தோடு சொல்கிறேன், இனித்தது.

அந்த ஸ்பெக்ட்ரோமீட்டரில் முப்பட்டகம் வைக்கும் மேடையின் ஒரு திருகு மரை தேய்ந்தது. காகிதத்தை மடித்து அடியில் கொடுத்தால்தான் மட்டம் நிற்கும். சோனாமீட்டரில் எந்தக் கம்பி சீக்கிரம் அறும், எந்த மீட்டர் பாலத்தில் எந்த முனை தளர்வு என்று எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். ஓய்வு பெற்ற அன்று மாலையோடும் சால்வையோடும் அந்த நோட்டையும் வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். யாரும் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை.

கதையில் புது டாக்டருக்குப் பழைய ஞாபகம் தானாகவே வந்துவிடும். பள்ளிக்கூடத்தில் அப்படி வராது. போகிறவர் கொடுத்தால்தான் உண்டு. அந்தப் பையன் தடுமாறியதற்குப் பாதிக் காரணம் என் அலமாரியில் இருந்தது.

இத்தனைக்கும் 1985-ல் நானே அழுதவள். எனக்கு முன்னால் இருந்த சாரைப் பிள்ளைகள் தெய்வமாக வைத்திருந்தார்கள். என் முதல் வாரத்தில் ஒருத்தி கரும்பலகையில் அவர் பெயரை எழுதி வைத்திருந்தாள். அதே சார் ஒரு சனிக்கிழமை ஆய்வகத்துக்கு வந்து, நாள் முழுக்க ஒவ்வொரு கருவியாகத் தொட்டுக் காட்டிவிட்டுப் போனார். அதை எப்படி மறந்தேன் என்று தெரியவில்லை.

மறுநாள் கார்டிஃபிலிருந்து அந்தத் தம்பிக்குப் போன் போட்டேன். முதலில் மன்னிப்பு, பிறகு திருகு. நோட்டு எங்கே இருக்கிறது என்று என் தம்பியிடம் சொல்லிக் கொடுத்தனுப்பினேன். அவர் ஒன்றும் குறையாகச் சொல்லவில்லை. "ரொம்ப நன்றிங்க மேடம்" என்றார். அது போதவில்லை எனக்கு. ஆனால் நான் தாமதித்ததற்கு அவ்வளவுதான் கிடைக்கும்.

அந்த மகளுக்கு இப்போது சொல்கிறேன். பிள்ளைகள் பழைய மிஸ்ஸைத் தேடுவது உன்மேல் உள்ள வெறுப்பு இல்லை, அவர் மேலுள்ள பாசம். சண்டை போடாதே. அவருடைய போன் நம்பரைத் தேடிப் பிடி, ஒரு சனிக்கிழமை ஆய்வகத்துக்குக் கூப்பிடு. கரண்டி கிடைத்தால் கரண்டியை உருக்கு. தீபாவளிக்குள் உன்னை 'எங்க மிஸ்' என்பார்கள்.

இந்த வருடம் ஓய்வு பெறப்போகும் ஆசிரியர்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து நோட்டைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்