அப்பாவின் துப்பாக்கியும் அந்தக் கரடியும்

சென்ற மாதம் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்குக் காட்டு விலங்குகளைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். கரடியின் படத்தைக் காட்டியதும் பின் வரிசை மாணவன் ஒருவன் எழுந்து நின்றான். அவனுடைய தந்தை காட்டோரச் செம்பனைத் தோட்டத்தில் ஜாகா வேலை பார்ப்பவர்.

"சார், எங்கப்பா கரடிக்காகத் துப்பாக்கி வாங்கணும்னு சொல்றாரு. எந்தத் துப்பாக்கி சார் நல்லது?"

வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. "நாளைக்குச் சொல்கிறேன், உட்கார் ஐயா" என்றேன். அன்றிரவு தூக்கமும் வரவில்லை. அவனுக்குச் சொல்ல வேண்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன். காட்டோரத்தில் குடியிருக்கும் மற்றக் குடும்பங்களுக்கும் இது பயன்படலாம்.

நான் பிறந்து வளர்ந்தது பேரா மாநிலத்தில், கிரிக் வட்டாரத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில். கடைசி நிரை முடிகிற இடத்தில் காடு தொடங்கிவிடும். என் தந்தையார் அங்கே ஜாகாவாக இருந்தார். அவரிடம் உரிமம் பெற்ற ஒற்றைக் குழல் துப்பாக்கி ஒன்று இருந்தது. நடுவில் மடித்துத் தோட்டா போடும் வகை. மலாய்க்காரர்கள் அதைச் 'செனாப்பாங் பாத்தா' என்பார்கள். இளங்கன்றுகளைத் தோண்டிப் போடும் காட்டுப்பன்றிகளை விரட்டத்தான் அது.

1987ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். பள்ளி விடுமுறை. எனக்கு ஒன்பது வயது. காட்டோர நிரைகளில் கரடி நடமாட்டம் தெரிந்தது. கறையான் புற்றுகள் உடைந்து கிடந்தன. ஒரு மரத்தின் பட்டையில் நகக் கீறல்கள் ஆழமாக இருந்தன. அந்த நிரை என் தாயாருடையது. அதனால் அப்பா இரவுக் காவலை முடித்துக்கொண்டு, தூங்காமல் அம்மாவுக்குத் துணையாகப் போனார். மங்கு துடைக்க நானும் போவேன்.

அன்று பொழுது புலர்கிற நேரம். அம்மா நெற்றி விளக்கை அணைத்துவிட்டு உளியோடு அடுத்த மரத்துக்கு நகர்ந்தார். அந்த மரத்துக்குப் பின்னால், மக்கிய கட்டை ஒன்றைப் பிளந்துகொண்டிருந்தது கரடி. பக்கத்தில் ஒரு குட்டி. எங்களுக்கும் அம்மாவுக்கும் இடையில் முப்பது கெஜம் இருக்கும். அம்மாவுக்கும் கரடிக்கும் இடையில் நான்கு எட்டுக்கூட இல்லை.

கரடி பின்னங்கால்களில் எழுந்து நின்றது. அதன் நெஞ்சில் இருந்த மஞ்சள் பிறை எனக்கு இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. நாய் குரைப்பது போல, ஆனால் அதைவிடக் கனத்த குரலில் ஒரு சத்தம் போட்டது.

அப்பா துப்பாக்கியை மடித்துச் சட்டைப் பையிலிருந்து தோட்டாவை எடுத்துப் போட்டார். தோட்டா பாதியிலேயே நின்றுவிட்டது. கட்டை விரலால் அழுத்தினார். போகவில்லை. இரண்டாவது தோட்டாவை எடுத்தார். அதுவும் போகவில்லை. அவருடைய கை நடுங்கியதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

அம்மா ஓடவில்லை. கரடியைப் பார்த்தபடியே ஓர் அடி பின்னால் வைத்தார். பிறகு இன்னோர் அடி. "ஏங்க, கிட்ட வராதீங்க. புள்ளைய புடிச்சுக்குங்க" என்று மெல்லிய குரலில் சொன்னார். பத்தடி தூரம் அப்படியே வந்திருப்பார். குட்டி புதருக்குள் ஓடியது. கரடியும் நான்கு காலில் இறங்கி அதன் பின்னால் போய்விட்டது.

வீட்டுக்கு வந்ததும் அப்பா தோட்டாப் பெட்டியை இறக்கினார். பழைய பிஸ்கட் டின் அது. மூடி சரியாகப் பொருந்தாமல் இருந்தது. உள்ளே ஒழுகல் தண்ணீர் இறங்கியிருந்தது. அக்காலத்தில் எங்களிடம் இருந்தவை காகித உறை போட்ட பழைய தோட்டாக்கள். காகிதம் ஈரத்தை உறிஞ்சினால் ஊதிவிடும். ஊதிய தோட்டா குழலுக்குள் இறங்காது.

ஒரு வாரத்துக்கு முன்பு, அப்பா இல்லாத நேரத்தில் அந்த டின்னைத் திறந்து என் கூட்டாளிக்குத் தோட்டாக்களைக் காட்டியவன் நான். அவசரத்தில் மூடியை அழுத்தாமல் வைத்ததும் நான்தான்.

அழுதுகொண்டே சொல்லிவிட்டேன். அடி விழும் என்று எதிர்பார்த்தேன். அப்பா என்னைத் திண்ணையில் உட்கார வைத்தார். "நீ தொட்டது பெரிய தப்பு. பெட்டியைப் பூட்டாம வச்சது என் தப்பு. கிளம்புறதுக்கு முன்னால தோட்டாவைப் போட்டுப் பார்க்காதது அதைவிடப் பெரிய தப்பு" என்றார். பிறகு நெடுநேரம் பேசாமல் இருந்தார்.

கடைசியில் அவர் சொன்னதுதான் என்னை உலுக்கியது. "அந்தத் தோட்டா உள்ளே போயிருந்தா நான் சுட்டிருப்பேன்டா. அதுல பட்டாணி அளவுக்கு ஒன்பது குண்டு. ஒரு கெஜத்துக்கு ஓர் அங்குலம் விரியும்னு சொல்வாங்க. முப்பது கெஜத்துல முப்பது அங்குலம். உங்கம்மா எங்க நின்னா?"

அதற்குப் பிறகு அப்பா கரடிக்கு ஏற்ற துப்பாக்கி எது என்று பல பேரிடம் விசாரித்தார். பக்கத்து லயத்து மாமா ஒருவர், முன்கட்டையை இழுத்துத் தள்ளி அடுத்தடுத்துச் சுடும் 'பம்ப்' துப்பாக்கிதான் சிறந்தது என்றார். இரட்டைக் குழல்தான் நல்லது என்றார் இன்னொருவர். அன்று அப்பா கற்றதையும், பின்னாளில் நான் படித்து அறிந்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

முதலாவது, பொறி எவ்வளவு எளிதோ அவ்வளவு நம்பிக்கை. பம்ப் துப்பாக்கியில் பல தோட்டாக்கள் கொள்ளும். ஆனால் பயத்தில் முழுதாக இழுக்காமல் பாதியில் தள்ளினால் அடுத்த தோட்டா ஏறாது, சிக்கிக்கொள்ளும். கை பழகியவருக்கே அது சரி. இரட்டைக் குழலில் இரண்டே வெடிதான். ஆனால் இரண்டாவது வெடிக்கு இழுக்கவோ தள்ளவோ வேண்டாம். ஒற்றைக் குழல் விலை குறைவு, பழுதும் குறைவு. ஆனால் தவறினால் மறுபடி மடித்துப் போட வேண்டும்.

இரண்டாவது, தோட்டா. 'பன்னிரண்டு போர்' என்பது, ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டையாக்கினால் ஓர் உருண்டை அளவுக்கு இருக்கும் குழல். ஏறக்குறைய பதினெட்டரை மில்லிமீட்டர். பறவை சுடும் பொடிக்குண்டு கரடியை நிறுத்தாது, காயப்படுத்திக் கோபமூட்டும். ஒற்றைக் குண்டுத் தோட்டா விரியாது. ஆனால் குறி தவறினால் எதிரில் இருக்கும் எதையும் துளைக்கும். உறை பிளாஸ்டிக்காக இருந்தால் ஈரத்தில் ஊதாது.

மூன்றாவது, பராமரிப்பு. நம் ஊர் ஈரக்காற்றில் குழல் ஒரு வாரத்தில் துருப்பிடிக்கும். எண்ணெய்த் துணியால் துடைக்காத துப்பாக்கி, எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் வெறும் இரும்புக் கம்பிதான்.

பெரிய கரடிகளோடு வாழ்கிற அலாஸ்கா மக்களின் அனுபவத்தையும் தேடிப் படித்தேன். அங்கே ஆண் பழுப்புக் கரடி 300 கிலோவையும் தாண்டும். பலர் பன்னிரண்டு போர் பம்ப் துப்பாக்கியும் ஒற்றைக் குண்டுத் தோட்டாவும் கொண்டு போகிறார்கள். 1950இல் வெளிவந்த ரெமிங்டன் 870 அங்கே பெயர் பெற்றது. ஆனால் டாம் ஸ்மித், ஸ்டீபன் ஹெர்ரேரோ முதலிய ஆய்வாளர்கள் அங்கு நடந்த 269 சம்பவங்களை ஆராய்ந்து 2012இல் வெளியிட்ட முடிவு வேறாக இருந்தது. கையில் துப்பாக்கி இருந்தவர்களில், சுட்டவர்களுக்கும் சுடாதவர்களுக்கும் காயம் படுவதில் பெரிய வேறுபாடு இல்லை. அவர்களே 2008இல், மிளகாய்க் காரத்தைப் பீய்ச்சும் குப்பி நூற்றுக்குத் தொண்ணூறு தடவை கரடியைத் தடுத்ததாகக் காட்டியிருந்தார்கள்.

நம் நாட்டுக் கரடியோ உலகிலேயே சிறிய கரடி. எடை 65 கிலோவுக்குள் அடங்கும். கறையானும் தேனும் பழமும்தான் உணவு. மனிதனைத் தேடி வருவதில்லை. திடீரென எதிர்ப்பட்டாலோ, குட்டியோடு இருந்தாலோதான் ஆபத்து. பத்து சென்டிமீட்டர் வரை நீளும் நகம் அதற்கு. 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது முழுப் பாதுகாப்புப் பெற்ற விலங்கு. உரிமம் இல்லாத துப்பாக்கியோ பெருங்குற்றம். அதைப் பற்றி நினைக்கவே வேண்டாம்.

அப்பா புதுத் துப்பாக்கி வாங்கவில்லை. பழையதையே பழுது பார்த்தார். பிளாஸ்டிக் உறைத் தோட்டா வாங்கினார். டின்னுக்குப் பூட்டுப் போட்டு, உள்ளே வறுத்த அரிசியைத் துணியில் முடிந்து வைத்தார், ஈரம் இழுக்க. வேலைக்குக் கிளம்பும் முன், விசையைத் தொடாமல், ஒவ்வொரு தோட்டாவையும் குழலில் போட்டு எடுத்துப் பார்ப்பார். மண்டோரிடம் பேசி, காட்டோர நிரைக்கு இருவர் இருவராக அனுப்பச் செய்தார். உள்ளே நுழையும்போது வாளியைத் தட்டிக்கொண்டே போக வேண்டும் என்று சொல்லிவைத்தார். அதன் பிறகு அந்த நிரையில் கரடி யாரையும் எதிர்கொள்ளவில்லை. அப்பா ஒரு தடவைகூட கரடியை நோக்கிச் சுட்டதும் இல்லை.

2009இல் அப்பா காலமானார். துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்தோம். அம்மா இன்றும் என்னோடு இருக்கிறார். கரடிக் கதையைப் பேரப்பிள்ளைகள் கேட்டால், "உங்க தாத்தா கை நடுங்கிச்சு, எனக்கு அதைப் பார்த்துத்தான் பயம் போச்சு, யாராவது ஒருத்தராவது தைரியமா இருக்கணுமே" என்று சிரிப்பார்.

மறுநாள் அந்த மாணவனைத் தனியே அழைத்துச் சொன்னேன்: "ஐயா, உங்கப்பாவை முதலில் வனவிலங்கு இலாகாவில் தகவல் சொல்லச் சொல். தனியாகப் போக வேண்டாம், சத்தம் போட்டுக்கொண்டு போகச் சொல். அதற்கு மேலும் துப்பாக்கி வேண்டுமென்றால், முறைப்படி உரிமம் எடுத்து, எளிதானதாகப் பார்த்து, தினமும் துடைக்கிற பொறுமை இருந்தால் வாங்கச் சொல். இன்னொன்று. நீ அந்தப் பெட்டியைத் தொடாதே."

அவன் தலையாட்டினான். அப்பாவின் பிஸ்கட் டின் இப்போது என் வகுப்பறை மேசையில் இருக்கிறது. சுண்ணக்கட்டி வைத்திருக்கிறேன். வீட்டுக்குக் கிளம்பும்போது அதன் மூடியை இரண்டு தடவை அழுத்திப் பார்க்காமல் நான் வகுப்பை விட்டு வெளியே வருவதில்லை.