நாக்கில் எத்தனை கிலோ?

ட்ரெய்லர் என்றால் எனக்குத் தெரிந்தது ரெண்டே ரெண்டுதான். ஒன்று, படம் ரிலீஸாவதற்கு முன்னால் காட்டுவது. இன்னொன்று, டிராக்டருக்குப் பின்னால் கரும்பு ஏற்றிக்கொண்டு ரோட்டை அடைத்துக்கொண்டு போவது. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பின்னாலேயே ஓடி ஆளுக்கொரு கரும்பு உருவியிருக்கிறோம்.

மூன்றாவது ரகம் ஒன்று உண்டு என்பது போன நவம்பரில் கலிஃபோர்னியா போனபோதுதான் தெரிந்தது.

ஸான்டியாகோவில் அக்கா, அத்தான், ரெண்டு வாண்டுகள். அத்தானுக்குக் கம்ப்யூட்டர் உத்தியோகம். வாரத்தில் ஐந்து நாள் ஒரு தடுப்புக்குள் உட்கார்ந்து திரையையே பார்க்கிற வேலை. மனிதர் அதற்குப் பழி வாங்குவதுபோல் ரெண்டு 'குவாட்' வாங்கிப் போட்டிருக்கிறார். குண்டு டயர், பைக்கின் ஹாண்டில்பார், நாலு சக்கரம். எருமைக்கு ஹெட்லைட் போட்ட மாதிரி இருக்கும். ஒவ்வொன்றும் 300 கிலோ. ரோட்டில் ஓட்டக்கூடாது, மணலுக்கும் மலைக்கும்தான். அங்கே அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க டிரக் வேண்டும், டிரக்குக்குப் பின்னால் ட்ரெய்லர் வேண்டும்.

ஏர்போர்ட்டிலிருந்து வரும் வழியிலேயே அத்தான் ஆரம்பித்துவிட்டார். "மாப்ளே, ஒரு ட்ரெய்லர் பார்த்து வெச்சிருக்கேன். பின்னால குவாட் ஏத்தலாம். முன்னால கட்டில், அடுப்பு, ஃப்ரிட்ஜ், பாத்ரூம்! குடும்பத்தோட கிளம்ப வேண்டியதுதான். பாலைவனத்துலயும் வெந்நீர்க் குளியல்டா!"

அன்றைக்கு ராத்திரி அக்கா சமையலறையில் ரகசியமாகச் சொன்னாள். "பதினஞ்சு வருஷக் கடனாம். நான் சொன்னா சண்டைதான் வருது. நீ கணக்குப் படிச்சவன். எப்படியாவது எடுத்துச் சொல்லேன்."

பி.காம். படித்ததற்கு இந்த ஜென்மத்தில் முதல் மரியாதை!

கடைக்குப் போனோம்

அந்தக் கடையை, கடை என்று சொல்வதே பாவம். கண்ணுக்கெட்டிய தூரம் வரை வெள்ளை வெளேரென்று வீடுகள், எல்லாவற்றுக்கும் கீழே சக்கரம். அத்தான் ஆசைப்பட்டதற்குப் பெயர் 'டாய் ஹாலர்'. பொம்மை சுமப்பது என்று அர்த்தம். பின்சுவர் அப்படியே கீழே சாய்ந்து சரிவுப் பாதையாகிவிடும். குவாட்டை நேராக உள்ளே ஓட்டலாம்.

விற்பனையாளர் எங்கள் டிரக்கைப் பார்த்தார். "இது எவ்வளவு இழுக்கும்?"

"4,000 கிலோவுக்கு மேல" என்றார் அத்தான், ஏதோ தானே இழுப்பவர் மாதிரி.

"ட்ரெய்லர் 2,700 கிலோதான். தாராளமா இழுக்கும்!"

எனக்கு ஒரு சின்ன சந்தேகம். "2,700 என்பது காலி எடையா, சாமானோடயா?" என்று கேட்டேன். இருவரும் என்னை, கல்யாண வீட்டில் மொய் எவ்வளவு என்று கேட்டவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

காலி எடைதான். நம்மூர் பைக் கடையில் 'ஷோரூம் விலை' என்று ஒன்று சொல்வார்களே, அது மாதிரி. ரோட்டுக்கு வரும்போது வேறு விலை. தண்ணீர், பெட்ரோல், குவாட், சாமான் எல்லாம் ஏறிய பிறகுதான் உண்மையான எடை.

"வாங்கறதுக்கு முன்னாடி மூணு நாள் வாடகைக்கு எடுத்துப் பார்த்துடலாமே அத்தான்" என்றேன். நான் அமெரிக்காவில் செய்த ஒரே புத்திசாலித்தனமான காரியம் அதுதான்.

புறப்பட்டோம்

போகிற இடம் இம்பீரியல் மணல்மேடுகள். ஸான்டியாகோவிலிருந்து கிழக்கே காரில் இரண்டரை, மூன்று மணி நேரம். அத்தானின் ஆபீஸ் நண்பர் ஒருவரும் - தெலுங்குக்காரர் - மனைவி, மகனோடு வேனில் பின்னாலேயே வந்தார்.

வாடகை ட்ரெய்லரை மாட்டி, குவாட், 300 லிட்டர் தண்ணீர், ஜெனரேட்டர், பெட்ரோல் கேன், அக்காவின் புளியோதரை அண்டா எல்லாம் ஏற்றியதும், டிரக்கின் பின்பக்கம் தரையோடு தரையாக உட்கார்ந்துவிட்டது. முகம் மட்டும் வானத்தைப் பார்த்தது, மூக்கில் சொட்டு மருந்து விட்டுக்கொள்கிறவர் மாதிரி.

அத்தான் அசரவில்லை. முன்னால் இருந்த ஜெனரேட்டரையும் கேன்களையும் பெட்டிகளையும் தூக்கி ட்ரெய்லரின் வால்பக்கம் வைத்தார். டிரக் ஜம்மென்று எழுந்துகொண்டது.

"பார்த்தியா? இது காமர்ஸ் இல்ல மாப்ளே, இன்ஜினீயரிங்!"

நானும் கைதட்டினேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

எட்டாம் நம்பர் நெடுஞ்சாலை மலைமேல் 1,200 மீட்டருக்கு மேல் ஏறுகிறது. பிறகு பாறைகளுக்கு நடுவே வளைந்து வளைந்து ஒரே இறக்கம். இறங்கி முடித்தால் வருகிற எல் சென்ட்ரோ என்ற ஊர், கடல் மட்டத்துக்கும் 12 மீட்டர் கீழே! அந்த இறக்கத்தில் காற்றுக்குப் பேர் போன இடங்கள் உண்டு. ட்ரெய்லர் இழுக்கும் வண்டிக்குக் கலிஃபோர்னியாவில் மணிக்கு 55 மைல்தான், அதாவது 88 கி.மீ.தான் அனுமதி. பேச்சு சுவாரசியத்தில் அத்தான் 70 மைலைத் தொட்டிருந்தார்.

பக்கத்தில் ஒரு பெரிய லாரி எங்களைத் தாண்டியது. அவ்வளவுதான். ட்ரெய்லரின் வால் லேசாக இடதுபக்கம் ஒரு ஆட்டம், வலதுபக்கம் ஒரு ஆட்டம். அடுத்தது கொஞ்சம் பெரிதாக. அதற்கடுத்தது டிரக்கையே பிடித்து ஆட்டியது. பின்ஸீட்டில் பெரிய வாண்டு பாடிக்கொண்டிருந்ததை நிறுத்தியது. அக்கா ரெண்டு பேரையும் இறுக்கிக் கட்டிக்கொண்டாள். யாரும் கத்தவில்லை. அதுதான் ரொம்பப் பயமாக இருந்தது.

அத்தானின் கால் பிரேக் பக்கம் போனது. போய்... நின்றது. எங்கோ படித்தது அந்த நேரத்தில் ஞாபகம் வந்ததாம். டிரக்கின் பிரேக்கை அழுத்தினால் பின்னால் வருகிற நாலு டன்னும் முன்னால் வந்து தள்ளும். அவர் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தார். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, ட்ரெய்லரின் பிரேக்கை மட்டும் பிடிக்கிற சின்ன நெம்புகோலைக் கையால் மெல்லத் தள்ளினார். ஒரு ஆட்டம்... இன்னொரு ஆட்டம்... பிறகு வால் அடங்கியது.

ஓரமாக நிறுத்தி அத்தான் ஸ்டியரிங்கை விட்டபோது கை நடுங்கியது. வேனிலிருந்து நண்பர் ஓடி வந்தார். "பாம்பு மாதிரி நெளிஞ்சுது சார்..." என்றவர், அக்கா முகத்தைப் பார்த்ததும் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

ஸ்டிக்கர் தரிசனம்

மலை இறங்கியதும் லாரிகள் நிற்கும் இடம் ஒன்று. அங்கே எடை மேடை உண்டு. தாடி வைத்த ஒரு வயதான லாரி டிரைவர் எங்கள் கோலத்தைப் பார்த்து விசாரித்தார். ஒன்றும் பேசாமல் டிரக்கின் டிரைவர் பக்கக் கதவைத் திறந்து, அதன் ஓரத்தில் ஒட்டியிருந்த ஒரு ஸ்டிக்கரைத் தட்டிக் காட்டினார்.

'ஆட்களும் சாமானும் சேர்ந்து 680 கிலோவைத் தாண்டக்கூடாது.'

நாலு வருஷமாக அந்தக் கதவைத் திறந்து மூடுகிறார் அத்தான். படித்ததே இல்லை. இழுக்கிற எடை வேறு, சுமக்கிற எடை வேறு. மாடு வண்டியை இழுக்கும்; அதற்காக வண்டியை மாட்டின் முதுகில் வைக்க முடியுமா? ஆனால் ட்ரெய்லர் தன் எடையில் ஒரு பங்கை முதுகில்தான் வைக்கிறது. அதன் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிற இரும்புக்கு அங்கே 'நாக்கு' என்று பெயர். மொத்த எடையில் 10 முதல் 15 சதவிகிதம் நாக்கு வழியாக டிரக்கில் இறங்க வேண்டும். குறைந்தால் வால் ஆடும்.

ட்ரெய்லரோடு ஒரு தடவை, கழற்றிவிட்டு ஒரு தடவை எடை போட்டோம். ட்ரெய்லரின் எடை மொத்தம் 3,900 கிலோ. காலி 2,700, குவாட் 600, தண்ணீர் 300, பெட்ரோல் 75, தட்டுமுட்டு 225. இழுக்கிற கணக்கில் தப்பில்லை. விற்பனையாளர் பொய் சொல்லவில்லை. ஆனால் நாக்கில் 310 கிலோதான் இருந்தது. எட்டே சதவிகிதம்! அத்தானின் இன்ஜினீயரிங் உபயம்.

பி.காம். விழித்துக்கொண்டது. புளியோதரைப் பொட்டலத்தின் மேல் பேரேடு போட்டேன்.

வரவு: 680 கிலோ.

செலவு: அத்தான் 90, அக்கா 65 (இது குறைத்துச் சொன்னது), நான் 72, வாண்டுகள் 60, டிரக்கில் இருக்கிற பைகளும் அண்டாவும் 60, ட்ரெய்லரை மாட்டுகிற கொக்கி சமாசாரம் 40. ஆக 387.

நாக்குக்கு மிச்சம்: 293 கிலோ.

ஆட்டமில்லாமல் போக நாக்கில் வேண்டியது 12 சதவிகிதம் என்று வைத்தாலும்: 468 கிலோ.

துண்டு: 175 கிலோ!

பாரத்தை முன்னால் வைத்தால் டிரக் தாங்காது. பின்னால் வைத்தால் வால் ஆடும். எப்படி எழுதினாலும் கணக்கு இடிக்கிறது. "எடையைப் பிரிச்சுக் கொடுக்கிற கொக்கி போட்டிருக்கோமே?" என்றார் அத்தான் பரிதாபமாக. அந்தக் கொக்கி பாரத்தை முன்சக்கரத்துக்கும் கொஞ்சம் பிரித்துக் கொடுக்கும், அவ்வளவுதான். ஒரு கணக்கிலிருந்து கடனை இன்னொரு கணக்குக்கு மாற்றி எழுதுகிற வேலை. கடன் தீராது. அதுவே 40 கிலோ வேறு.

தாடிக்காரர் யோசனை சொன்னார். சாமானை எல்லாம் முன்னால் மாற்றினோம். அக்கா, வாண்டுகள், நான், புளியோதரை அண்டா, பைகள் எல்லாம் நண்பரின் வேனுக்கு. அத்தான் மட்டும் டிரக்கில் தனியாக. இப்போது கணக்கு இடித்துக்கொள்ளவில்லை. 55 மைலுக்குள் ட்ரெய்லர் பசுமாடு மாதிரி பின்னால் போனது.

வேனில் மடியில் அண்டாவோடு உட்கார்ந்திருந்த அக்கா மெதுவாகச் சொன்னாள். "குடும்பத்தோட போறதுக்குன்னுதானே வாங்கறேன்னார்? குடும்பம் இறங்கினாத்தான் அது ஓடுது பாரு."

இதற்குமேல் நான் என்ன எடுத்துச் சொல்வது?

மணல் கடல்

இடத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வழியெல்லாம் கொலராடோ நதித் தண்ணீரில் விளைகிற பச்சை வயல்கள். பச்சை சட்டென்று முடிகிறது. அதற்கப்பால் சுமார் 65 கி.மீ. நீளத்துக்கு மணல். சில மேடுகள் 90 மீட்டர் உயரம். சாயங்கால வெயிலில் ஒரு பக்கம் தங்கம், மறுபக்கம் கறுப்பு. 1983-ல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் பாலைவனக் காட்சிகளை இந்த மணலில்தான் எடுத்தார்கள். 1915-ல் இந்த மணலைக் கார்கள் தாண்டுவதற்காக மரப்பலகைகளைப் போட்டு ஒரு ரோடே அமைத்திருந்தார்கள். 1926 வரை அதில்தான் போக்குவரத்து. மிச்சத் துண்டுகள் இன்றும் இருக்கின்றன. அதில் எதிரெதிரே ரெண்டு வண்டி வந்தால் சண்டைதானாம். நம்மூர் சந்துகள் நினைவுக்கு வந்து கண் கலங்கியது.

சட்டதிட்டம் பலமாக இருக்கிறது. அனுமதிச் சீட்டு வேண்டும். ஹெல்மெட் கட்டாயம். மணல்மேட்டுக்கு அந்தப்பக்கம் வருகிறவனுக்குத் தெரிவதற்காக 8 அடி உயரத்தில் கொடி பறக்க வேண்டும். ஒருவர் ஓட்டும் குவாட்டில் ரெண்டாவது ஆள் ஏறக்கூடாது. டி.வி.எஸ். 50-யில் குடும்பத்தோடு சினிமாவுக்குப் போன பரம்பரையில் வந்த எனக்கு இது புரியச் சற்று நேரமாயிற்று. தங்குமிடத்தில் குழாய் கிடையாது, கரன்ட் கிடையாது. குடிநீரைக் கொண்டுபோக வேண்டும். குப்பையையும் கழிவுநீரையும் திருப்பிக் கொண்டுவர வேண்டும்.

அத்தான் குவாட்டில் ஒரு மேட்டின் உச்சிக்கு ஏறி, இன்ஜினை நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார். அரைமணி நேரம். கீழேயிருந்து பார்த்த அக்கா, "வீட்ல ஒரு நாளும் இப்படி உக்கார்ந்து நான் பார்த்ததில்லடா" என்றாள். ஆக, குவாட்டை விற்கச் சொல்வது தீர்வில்லை என்பது எங்கள் இருவருக்கும் புரிந்தது.

தீர்ப்பு

திரும்பியதும் கடைக்குப் போனோம். பேரேட்டைக் காட்டினோம். விற்பனையாளர் முகம் மலர்ந்தது. "பிரச்னையே இல்லை. இதைவிடப் பெரிய டிரக் வாங்கிடுங்க!"

செருப்பு கடிக்கிறது என்றால் காலை மாற்றச் சொல்கிறார்.

கடைசியில் வாங்கியது என்ன தெரியுமா? பழைய, மூடிய சரக்கு ட்ரெய்லர். 16 அடி நீளம், ரெண்டு அச்சு, பின்னால் சரிவுக் கதவு. உள்ளே ஒன்றும் கிடையாது, வெறும் டப்பா. காலி எடை 1,200; குவாட், 100 லிட்டர் தண்ணீர், சாமான் எல்லாம் சேர்த்து 2,100 கிலோ. அதில் 12 சதவிகிதம் 252. அக்கா, வாண்டுகள், அண்டா எல்லாரும் டிரக்கிலேயே ஏறினாலும் 41 கிலோ மிச்சம்! மணலில் போய்க் குவாட்டை இறக்கிவிட்டு, மடக்குக் கட்டிலைப் போட்டால் படுக்கை அறை. ஒரே நிபந்தனை: குவாட்டும் பெட்ரோல் கேனும் உள்ளே இருக்கும்போது படுக்கக்கூடாது. அந்த வாசனையும் புகையும் ஆளைக் கொல்லும். கூரையில் காற்றுப் போக வழி வைத்தார்கள். வெந்நீர்க் குளியல் மட்டும் கிடையாது. கடனும் கிடையாது.

ஊருக்குக் கிளம்பும்போது அத்தான் கையைப் பிடித்துக்கொண்டார். "மாப்ளே, அன்னிக்கு அந்த இறக்கத்துல..." அதற்குமேல் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

ஊர் திரும்பி, பஸ் ஸ்டாண்டிலிருந்து ஷேர் ஆட்டோ ஏறினேன். உள்ளே பத்துப் பேர், டிரைவர் மடியில் பாதியாக ஒருவர், என் காலடியில் ரெண்டு மூட்டை வெங்காயம். பழக்க தோஷத்தில் ஸ்டிக்கர் இருக்கிறதா என்று தேடினேன். இருந்தது. முன்கண்ணாடியில், கொட்டை எழுத்தில்:

'தெய்வம் துணை.'