எனக்கு மட்டும் ஏன் பாராட்டு?

போன வாரம் என்னிடம் படித்த பிள்ளைகள் நாலு பேர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். மனைவிக்கு நான் கஞ்சி ஊட்டுவதைப் பார்த்த ஒருவன் அதை முகநூலில் எழுதிவிட்டான். கீழே ஏகப்பட்ட பேர் 'சார் தெய்வம்' என்கிறார்கள். உங்கள் அன்பு புரிகிறது. ஆனால் உண்மையையும் சொல்லிவிட வேண்டும்.

அவளுக்குப் பக்கவாதம் வந்து 6 வருஷம் ஆகிறது. காலையில் காபி போட்டுக்கொண்டிருந்தவளுக்கு வாய் கோணி, பேச்சு குழறியது. வாயுவாக இருக்கும் என்று சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்தேன். மத்தியானம்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை 4.5 மணி நேரத்துக்குள் போட்டிருக்க வேண்டுமாம். 34 வருஷம் அறிவியல் நடத்தியவன் நான்!

வலது கையும் காலும் விழுந்துவிட்டன. மூளையின் இடது பக்கம் பாதித்ததால் பேச்சும் போய்விட்டது. மிஞ்சியது 'ஆமா' என்ற ஒரே சொல். பசித்தாலும் ஆமா, வலித்தாலும் ஆமா.

முதல் மாதம் நான் செய்த பெரிய காரியம், மகளுக்குப் போன் போட்டதுதான். "அம்மாவைப் பாத்துக்க ஒரு பொம்பளை வேணும்மா" என்றேன். "உங்களுக்கு பைபாஸ் ஆனப்ப நாங்க ஆம்பளையா தேடுனோம், அப்பா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. அப்போது 3 மாதம் என்னைக் குளிப்பாட்டியது, மாத்திரை கொடுத்தது, சமைத்தது எல்லாம் அவள்தான். அவளை யாரும் தெய்வம் என்று சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

பிறகுதான் கற்றுக்கொண்டேன். படுக்கைப்புண் வராமல் 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். தண்ணியாக எதைக் கொடுத்தாலும் புரையேறும், கஞ்சி கெட்டியாக இருக்க வேண்டும். ஒரு ராத்திரி தூக்கம் கெட்ட எரிச்சலில், "என் உயிரை வாங்குறியே" என்று கத்திவிட்டேன். என்னையே பார்த்து 'ஆமா' என்றாள். அதற்குமேல் எந்தத் தெய்வம் வாய் திறக்கும்?

1955 இந்து திருமணச் சட்டத்தில் தொழுநோயும் விவாகரத்துக்கு ஒரு காரணமாக இருந்தது. 2019இல்தான் அதை நீக்கினார்கள். ஆனால் சட்டம் எதுவாக இருந்தாலும், நான் பார்த்தவரை நோய் வந்தால் பிறந்த வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் பெண்கள்தான். நோயாளிக் கணவனோடு இருந்தவர்களும் பெண்கள்தான். அவர்கள் இருந்தால் அது கடமை. நான் இருந்தால் மட்டும் தியாகமா?

எங்கள் தெருக்கோடியில் ஒரு அம்மா இருக்கிறார். பார்கின்சன் வந்த கணவரை 11 வருஷமாகப் பார்த்துக்கொள்கிறார், தையல் மெஷின் மிதித்துத்தான் குடும்பம் ஓடுகிறது. அவரைப் பற்றி யாரும் எழுதியதில்லை.

பிள்ளைகளே, அடுத்த தடவை வரும்போது ஆப்பிள் பையை அந்த வீட்டில் கொடுத்துவிட்டு வாருங்கள். அரை மணி நேரம் அந்த ஐயா பக்கத்தில் நீங்கள் உட்கார்ந்தால், அந்த அம்மா கொஞ்சம் படுப்பார்.