மீன் பிடிக்காத தூண்டில்

“எத்தனை கிலோ மீனுக்கு சார்?” என்று கேட்டார் கடைக்காரர். காசிமேட்டுப் பக்கம், வலையும் கயிறும் விற்கிற சின்னக் கடை. “மீனுக்கு இல்லண்ணே. முக்கால் கிலோ வெயிட் தாங்கினா போதும். ஆனா நேரா நிக்கணும்” என்றேன். ஏற இறங்கப் பார்த்தவர், உள்ளே போய் ஒரு கழியை எடுத்து வந்தார். மடித்தால் ஒன்றேகால் மீட்டர். ஒவ்வொரு கணுவாக உருவ உருவ நீண்டுகொண்டே போய், 7 மீட்டரைத் தாண்டி எதிர்க்கடைக் கூரையைத் தொட்டது.

அதுவரை என் ஹாம் (அமெச்சூர் வானொலி) ஆன்டெனாவைத் தாங்கியது பந்தல்காரரிடம் வாங்கிய சவுக்குக் கழி. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அதை முறித்துப் போட்டது. புயலை மட்டும் குறை சொல்ல முடியாது. கட்டுக்கம்பி சுற்றிய இடத்தில் மழைத் தண்ணீர் இறங்கி இறங்கி, உள்ளே மரம் மாவாகியிருந்தது. மரத்தை நான் இளக்காரமாக நினைப்பவன் அல்ல. 1940-களில் ஈக்வடாரின் கீட்டோ நகரில், எச்.சி.ஜே.பி. வானொலிக்காக கிளாரன்ஸ் மூர் உருவாக்கிய குவாட் ஆன்டெனா ஹாம்களிடம் பரவியபோது, கம்பியை விரித்துப் பிடிக்க அவர்கள் எடுத்தது மூங்கிலைத்தான். ஃபைபர் கிளாஸ் பிறகு வந்தது.

அந்த ஃபைபர் கிளாஸை ‘ஆன்டெனா மாஸ்ட்’ என்று கேட்டு வாங்கப் போனால் பர்ஸ் காலி. ஜெர்மனியின் ஸ்பைடர்பீம் 12 மீட்டர் கழி அருமையான சரக்கு. ஆனால் இங்கே வந்து சேர்வதற்குள் அனுப்புகூலியும் சுங்க வரியும் கழியின் விலையோடு போட்டி போடும். அமெரிக்க ஹாம்களுக்கு ராணுவம் ஏலம் விட்ட உருமறைப்பு வலைக் கம்புகள், நான்கடித் துண்டுகளாக, ஒன்றின் மேல் ஒன்று செருகும்படி கிடைக்கின்றன. நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. எனவே என் வழி ஒன்றுதான்: ஆன்டெனா என்ற பேச்சையே எடுக்காமல், வேறு தொழில்காரர்களின் கழியைக் கேட்பது. தூண்டில்காரர் கழி, மாங்காய் பறிக்கிற துறட்டி, உயரத்துக் கண்ணாடி துடைக்கிற கம்பு, ரசாயன ஆலைகளில் கைப்பிடிக்குப் போடுகிற எஃப்.ஆர்.பி. பைப்.

கடைக்குப் போகும்போது மல்டிமீட்டரும் ஒரு துண்டு உப்புத்தாளும் சட்டைப்பையில் இருக்க வேண்டும். தூண்டில் கழியில் பாதிக்குப் பாதி கார்பன் ஃபைபர். எடை குறைவு, விறைப்பு அதிகம், மீன்காரருக்கு அது வரம். நமக்கு ஆகாது, ஏனென்றால் கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். மேலே பூசிய வார்னிஷ் மீட்டரை ஏமாற்றிவிடும் என்பதால், அடி மூடியைக் கழற்றி வெட்டுவாயை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, அங்கே முனைகளை வைத்துப் பார்க்க வேண்டும். முள் அசைந்தால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடலாம். கர்நாடகத்துப் பாக்குத் தோட்டங்களில் மரமேறாமல் குலை வெட்டவும் மருந்தடிக்கவும் உருவ உருவ நீளும் கழிகள் வைத்திருக்கிறார்கள். பார்த்தால் நாக்கில் எச்சில் ஊறும். அவையும் கார்பன்தான்.

வாங்கி வந்ததும் நான் செய்தது, நுனியிலிருந்து இரண்டு கணுக்களை உருவி எறிந்தது. பென்சில் கனத்துக்கும் கீழே போன நுனி மீனுக்காக வளையச் செய்தது, கம்பிக்காக நிற்கச் செய்ததல்ல. 7 மீட்டர் கழி 5 மீட்டர் சொச்சமாகிவிடுகிறதே என்று மனசு கேட்காது. தைரியமாக உருவுங்கள். கேபிளிலும் கறாராக இருக்க வேண்டும்: ஆர்.ஜி. 58 மீட்டருக்குச் சுமார் 40 கிராம், ஆர்.ஜி. 213 அதைப்போல நான்கு மடங்கு. பின்னதைக் கட்டித் தொங்கவிட்டால் எந்தத் தூண்டிலும் வணக்கம் சொல்லும்.

ஓர் இரவு, 7 மெகாஹெர்ட்ஸில் மதுரை நண்பரோடு பேசிக்கொண்டிருந்தபோது, ஆன்டெனாவிலிருந்து திரும்பி வரும் அலையைக் காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். 1.3-லிருந்து 4-க்கு ஏறியது. கனெக்டரைக் குடைந்தேன், கேபிளை ஆன்டெனாவோடு இணைக்கும் பாலனைச் சந்தேகித்தேன். கடைசியில் டார்ச்சோடு மொட்டை மாடிக்குப் போனால், கழி தனக்குள் தானே இறங்கி, கம்பியெல்லாம் தண்ணீர்த் தொட்டி மேல் சுருண்டு கிடக்கிறது. கணுக்கள் வெறும் உரசலில் நிற்பவை. காற்றில் ஆடி ஆடிப் பிடி விட்டுப் போகும். பயந்துபோய் முறுக்கி இறுக்கினால் விளிம்பு விரிசல் விடும். இப்போது ஒவ்வொரு இணைப்பிலும், கீழ்க்கணுவின் வாய்க்கு ஒட்டி மேலே, மெல்லிய கணுவின்மீது சைக்கிள் டியூப் பட்டை ஒன்றைச் சுற்றி, அதன்மேல் ஹோஸ் கிளாம்ப் போடுகிறேன். கிளாம்ப் வாயில் தட்டி நிற்கும். கணு உள்ளே இறங்க வழியில்லை.

எஃப்.ஆர்.பி. பைப் வேறு ஜாதி. கண்ணாடி இழைகளைப் பிசினில் தோய்த்து, சூடான அச்சு வழியே இழுத்துச் செய்வது. 38 மி.மீ. விட்டம், 3 மி.மீ. கனம் என்றால் மீட்டருக்கு 600 கிராமுக்குச் சற்று மேல். அம்பத்தூர்ப் பட்டறை ஒன்றில் மிச்சத் துண்டுகளை எடைக்குப் போட்டார்கள். இழை பெரும்பாலும் நீளவாக்கில் ஓடுவதால் வளைவுக்கு ஈடுகொடுக்கும். போல்ட் போட்டு நெரித்தால் மூங்கில் பிளக்கிற மாதிரி நெடுகப் பிளக்கும். அளவு எழுதிக்கொண்டு போவதைவிட, பட்டறையிலேயே ஒன்றுக்குள் ஒன்றைச் செருகிப் பார்த்து வாங்குவது நல்லது. அறுக்கும்போது தண்ணீர் விட்டு அறுக்க வேண்டும், முகக்கவசம் கட்டாயம்.

எல்லா இடத்துக்கும் ஃபைபர் கிளாஸ் தேவையா என்றால், இல்லை. கவிழ்த்த ‘V’ வடிவில் கட்டும் இன்வர்ட்டட் வி ஆன்டெனாவின் நடுக்காலுக்கு இரும்பு பைப்பே போதும். கம்பியின் இரு கைகளும் அதை விட்டு விலகிப் போகின்றன, பெரிய கெடுதல் வராது. 14 மெகாஹெர்ட்ஸுக்கு 5 மீட்டர் கம்பியைக் கழியை ஒட்டியே செங்குத்தாக ஏற்றுகிறீர்களா, அங்கேதான் ஃபைபர் கிளாஸ் தன் விலைக்கு வேலை செய்யும். பி.வி.சி. பைப்பை மட்டும் யாரும் நம்பவேண்டாம். சித்திரை வெயிலில் அரிவாளாக வளைந்துவிடும். எந்தக் கழியானாலும், அது சாய்ந்தால் தொடுகிற தூரத்தில் மின்கம்பி இருந்தால் அங்கே நிறுத்தவே கூடாது.

வெயில் ஃபைபர் கிளாஸையும் விடுவதில்லை. இரண்டாம் கோடையில் கழியை வெறுங்கையால் பிடித்து இறக்கினேன். மேற்பிசின் உதிர்ந்து இழைகள் பூனைமுடிபோல எழுந்து நின்றிருக்கின்றன. இரண்டு நாள் உள்ளங்கை அரிப்பு. அதிலிருந்து கத்திரிக்கு முன்பே இறக்கி, கையுறையோடு துடைத்து, ஒரு கை வெள்ளை எனாமல் அடித்து ஏற்றுகிறேன். உருவிப்போட்ட நுனித் துண்டுகள் இரண்டுக்கும் பெயின்ட் தேவைப்படவில்லை. அவை மாடித் தோட்டத்தில் பாகற்கொடிக்கு ஊன்றுகோல். இலைக்குள் மறைந்து நிற்பதால் வெயில் படுவதில்லை.