பனிக்கு ஒரு சும்மாடு

திருவனந்தபுரம் கிழக்கே கோட்டையில் தொடங்கி கிள்ளிப்பாலம் பக்கம் நீளும் சாலைக் கடைத்தெருவில் பனி என்றால் மீன் பெட்டியில் கொட்டும் ஐஸ்தான். ஆ. மாதவன் (1934-2021) கடை வைத்திருந்து, கதைகளாலும் அழியாமல் செய்துவிட்டுப் போன தெரு இது. மலையாளமும் தமிழும் கலந்து ஏலம் போகும் இந்தச் சந்தடியில், மூட்டை சுமப்பவர் முதலில் தலையில் சும்மாட்டை வைக்கிறார். அதனால் மூட்டையின் எடை ஒரு கிராம்கூடக் குறைவதில்லை. ஒரே இடத்தில் அழுந்தாமல் பரவுகிறது. அவ்வளவுதான்.

இதே சும்மாட்டைக் காலில் கட்டிக்கொண்டு மலையிறங்கும் ஊர் ஒன்று இந்தியாவின் மறுகோடியில் இருக்கிறது. சாலையிலிருந்து நடந்து போகும் தூரத்தில்தான் திருவனந்தபுரம் சென்ட்ரல் நிலையம். கன்னியாகுமரியிலிருந்து வாரம் ஒருமுறை புறப்படும் ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் அங்கே நின்று, மூன்று இரவுகள் கடந்து கட்ராவைத் தொடுகிறது. கட்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு ஜூன் 2025 முதல் ரயில் உண்டு. வழியில் செனாப் நதிக்கு 359 மீட்டர் உயரத்தில் பாலம். ஸ்ரீநகரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் போனால் குல்மார்க். தங்மார்க் தாண்டியதும் ஜீப்களின் சக்கரங்களுக்குச் சங்கிலி மாட்டுகிறார்கள். மீன் ஐஸ் மட்டுமே கண்டவருக்குத் தான் எங்கே வந்திருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைக்கும்.

குல்மார்க் சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வெள்ளைக்காரர்கள் 1927-ல் இங்கே பனிச்சறுக்குக் கிளப் தொடங்கினார்கள். ஆனால் உலகெங்குமிருந்து ஆட்களை இழுத்து வந்தது கோண்டோலா என்னும் கம்பிவட வண்டிதான். அதன் முதல் கட்டம் 1998-ல் கொங்டோரி வரை போனது. 2005-ல் வந்த இரண்டாம் கட்டம் அஃபர்வத் மலையின் தோளில், ஏறக்குறைய 3,950 மீட்டர் உயரத்தில் கொண்டுபோய் விடுகிறது. அங்கிருந்து இறங்கும் சரிவுகளில் பெரும்பாலானவை இயந்திரம் வைத்துச் சமன் செய்யப்படாதவை. விழுந்த பனி விழுந்தபடியே கிடக்கும். இடுப்பளவு ஆழம் சாதாரணம்.

இந்தப் பனி மாவு போன்றது. பிடித்தால் உருண்டையாகாது, ஊதினால் பறக்கும். வெறும் பூட்ஸுடன் இறங்கினால் தொடை வரை புதையும். கணக்கு எளிது. உடையும் மூட்டையும் சேர்த்து 80 கிலோ எடையுள்ள ஒருவர் இரு பாதங்களில் நின்றால், சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 200 கிராம் அழுத்தம். 180 சென்டிமீட்டர் நீளமும் ஆறரை சென்டிமீட்டர் அகலமும் உள்ள பழைய பாணி ஸ்கீ கட்டைகளில் அது 34 கிராமாகிறது. அகலத்தைப் பதினொன்றரை சென்டிமீட்டர் ஆக்கினால் 19 கிராம். பழைய கட்டைக்காரர் முழங்காலளவு பனியை உழுதுகொண்டு போகும் இடத்தில், அகலக் கட்டைக்காரர் மேலாக மிதந்து போகிறார்.

அகலக் கட்டைக்கு வயது அதிகமில்லை. 1980களின் இறுதியில் அட்டாமிக் நிறுவனத்தைச் சேர்ந்த ஆஸ்திரியரான ரூப்பர்ட் ஹூபர் இதை உருவாக்கினார். ஸ்நோபோர்டு எனப்படும் ஒற்றைப் பலகையை நெடுக அறுத்து இரண்டாக்கிப் பார்த்ததில் பிறந்த யோசனை என்பார்கள். முதலில் வயதானவர்களின் ஊன்றுகோல் என்று கேலி செய்தார்கள். கேலியை நிறுத்தியவர்களில் முக்கியமானவர் ஷேன் மெக்கான்கி. ஆழமான பனி தரையல்ல, தண்ணீர் என்பது அவர் கட்சி. நீர்ச்சறுக்குக் கட்டைகளையே மாட்டிக்கொண்டு அலாஸ்கா மலையில் இறங்கிக் காட்டினார். 2002-ல் வந்த அவருடைய 'ஸ்பாச்சுலா' நடுவில் பருத்து முனைகளில் ஒடுங்கியது. இரு நுனிகளும் மேல்நோக்கி வளைந்தவை. வலியதுறைக் கடற்கரையில் கட்டுமரம் அலையேறுவதைப் பார்த்தவர்களுக்கு அதன் வடிவம் வியப்பளிக்காது. மெக்கான்கி 2009-ல் இத்தாலிய மலையொன்றில் சாகசத்தின்போது உயிரிழந்தார். வளைந்த நுனி மட்டும் எல்லா நிறுவனங்களின் கட்டைகளிலும் ஏறிவிட்டது.

நுனி வளைவு செய்த மாற்றம் பெரியது. ஒடுங்கிய கட்டையின் முனை பனிக்குள் குத்திக்கொள்ளாமலிருக்க, முன்பெல்லாம் உடம்பைப் பின்னால் சாய்த்தே இறங்க வேண்டும். அரை மணியில் தொடை எரியும். இப்போது நேராக நின்றால் போதும். திரும்ப வேண்டுமென்றால் கட்டையின் விளிம்பால் பனியை வெட்ட வேண்டியதில்லை. வெண்ணெய் தடவுவதுபோல் பக்கவாட்டில் வழுக்கி விடலாம்.

ஆனால் மலை முழுவதும் மாவுப் பனி கிடைப்பதில்லை. முகட்டில் காற்று இறுக்கிய பனி. வெயில் படும் சரிவில் பகலில் உருகி இரவில் உறைந்த அப்பளம். கோண்டோலாவுக்குக் கீழே நூறு பேர் கடந்த கட்டிப் பனி. அப்பளம் போன்ற மேலோட்டில் அகலக் கட்டை உடைக்காமல் போய்விடும். ஒடுங்கியது உள்ளே சிக்கிக்கொள்ளும். கட்டிப் பனியில் கதை மாறுகிறது. அகலமான நுனி ஒவ்வொரு கட்டியிலும் முட்டித் திசை மாறும். கட்டை இலேசாக இருந்தால் படபடவென்று அடிக்கும். கெட்டியான ஐஸில் இன்னும் மோசம். பூட்ஸைவிட அகலமான கட்டையை ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்குச் சாய்ப்பதற்குள் முழங்கால் படும் பாடு சொல்லி மாளாது.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து, அகலக் கட்டை தரும் தைரியம். பழகாதவரையும் அது ஆழமான சரிவுக்குக் கூட்டிச் செல்கிறது. மிதப்பவரின் எடையும் அடியிலுள்ள பலவீனமான அடுக்குக்குப் போய்ச் சேரத்தான் செய்யும். பிப்ரவரி 2010-ல் கிலன்மார்க்கில் பனிச்சரிவு 17 ராணுவத்தினரைப் பலி கொண்டது. பிப்ரவரி 2024-ல் ரஷ்யச் சறுக்கு வீரர் ஒருவர் மாண்டார். அவரது குழு உள்ளூர் ஆட்கள் துணையின்றிப் போனதாக அதிகாரிகள் கூறினார்கள். இடங்காட்டும் கருவி, துழாவும் கம்பி, மண்வாரி, நிலையறிந்த வழிகாட்டி: கட்டை எவ்வளவு அகலமானாலும் இந்த நான்குக்கும் மாற்றில்லை.

இப்போது இன்னொரு கவலையும் சேர்ந்திருக்கிறது. கடுங்குளிரின் நாற்பது நாளான சில்லை கலான் காலத்திலேயே, ஜனவரி 2024-ல், குல்மார்க் பனியின்றிப் பழுப்பாகக் கிடந்தது. 2025 பிப்ரவரியில் நடக்கவிருந்த கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள் பனி போதாமல் மார்ச்சுக்குத் தள்ளிப்போயின. வாடகைக்குக் கட்டை தருபவருக்கும், வழிகாட்டிக்கும், ஸ்லெட்ஜ் இழுப்பவருக்கும் ஆண்டுச் சம்பாத்தியத்தைத் தருவது இந்தச் சில வாரங்கள்தான்.

சாலையில் சரக்கு லாரி வராத நாளில் சும்மாட்டைச் சுருட்டி வைத்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பவரைப் பார்க்கலாம். பனி வராத ஜனவரியில், குல்மார்க் கடைகளின் சுவரோரம் அகலக் கட்டைகளும் அப்படித்தான் சாய்ந்து நிற்கின்றன.